படித்தவரும் கேட்டவரும்: கூட்டு வாசிப்பும் எழுத்தறிவுக் கணக்கும்

முன்னுரை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் கள ஆய்வு செய்து திரும்பிய மாணவர்களின் படிவங்களைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சரிபார்க்க நேர்ந்தது. ‘எழுதப் படிக்கத் தெரியுமா?’ என்னும் வினாவுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே கட்டங்கள் அப்படிவத்தில் இருந்தன. மூதாட்டி ஒருவரின் பெயருக்கு நேரே ‘இல்லை’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் தாளின் ஓரத்தில் மாணவி ஒருவர் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் பேத்தி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாடநூலிலுள்ள கதைகளை உரக்கப் படிக்கச் சொல்லி அம்மூதாட்டி கேட்பார். அண்டை வீட்டாரும் வந்து அமர்வர். பேத்தி ஒரு வரியைத் தாண்டிவிட்டால் பாட்டி தடுத்து நிறுத்தி விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொல்வார் என்பதே அக்குறிப்பு. பள்ளியின் வாயிலை மிதிக்காத ஒருவர் ஒரு கதையின் எந்த வரி விடுபட்டது என்பதை அறிகிறார். எங்கள் அட்டவணையிலோ அவர் எழுத்தறியாதவர். ஓரக்குறிப்பு அட்டவணையில் ஏறவில்லை. ஏற இடமில்லாத வகையில் அப்படிவத்தை வடிவமைத்தவன் நானே.

அந்தப் பிழையை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கருத்துரை. வாசிப்பு என்பது தனியொருவர் தமக்குள் நிகழ்த்தும் செயல் என்னும் எண்ணம் நம் ஆய்வுகளிலும் கல்வித் திட்டங்களிலும் வேரூன்றியுள்ளது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் கூட்டு வாசிப்பு, எழுத்தறிவு பரவாத காலத்தின் குறைபாடாகவும் கடந்துசெல்ல வேண்டிய படிநிலையாகவும் மட்டுமே கருதப்படுகிறது. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்து (1837–1901) நகர ஏழைகளின் வாசிப்பு வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அவ்வரலாற்றின் ஒளியில் மலைவாழ் மக்களின் இன்றைய நிலையைக் காண்பது தமிழ்த்துறைகளின் கடமை என்பது என் கருத்து.

இலண்டன் தெருவும் சென்னைக் கடைத்தெருவும்

இலண்டன் நகரின் தெருவோர உழைப்பாளிகளை நேரில் கண்டு ஹென்றி மேஹ்யூ எழுதியவை 1851இல் நூலாயின. தள்ளுவண்டியில் காய், கனி, மீன் விற்போரைப் பற்றிய பகுதியில், அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே படிக்கத் தெரிந்தவர் என்கிறார் மேஹ்யூ. எனினும் மாலையில் சந்துகளில் கூடிப் புகைபிடித்தபடி, படிக்கத் தெரிந்த ஒருவரைச் சூழ்ந்து தொடர்கதைகளைக் கேட்பது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. ரெனால்ட்ஸ் எழுதிய மலிவு விலைத் தொடர்களே அவர்கள் பெரிதும் விரும்பியவை. அவர்கள் வாளாவிருந்து கேட்கவில்லை. படத்தில் இருப்பவர் யாரென வினவினர். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டனர். காவலருக்கு எதிரான இடம் வந்தால் ஆரவாரித்தனர். கேட்டல் அங்கே ஓர் உரையாடலாகவும் திறனாய்வாகவும் இருந்தது.

இதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. செய்தித்தாள்மீது விதிக்கப்பட்ட முத்திரை வரி 1836இல் நான்கு பென்னியிலிருந்து ஒரு பென்னியாகக் குறைக்கப்பட்டு 1855இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. 1837இல் தொடங்கிய சாசன இயக்கத்தாரின் ‘நார்தர்ன் ஸ்டார்’ இதழ் ஓர் உழைப்பாளி தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. பலர் சேர்ந்து வாங்கினர். பட்டறையிலும் மதுக்கடையிலும் ஒருவர் படிக்கப் பிறர் கேட்டனர். கியூபா நாட்டின் ஹவானாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பகுதியைத் தந்து தமக்கெனப் படிப்பவர் ஒருவரை அமர்த்திக்கொண்டனர். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளர், படித்துக் காட்டுபவருக்குரிய பீடிகளைத் தாம் சுற்றிக் கொடுத்தனர். படிப்பதும் ஓர் உழைப்பு, அதற்குரிய ஈட்டை மற்றவர் உழைப்பு தரவேண்டும் என்னும் தெளிவு இவ்வேற்பாடுகளில் உள்ளது.

சென்னையின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. அச்சகம் வைத்திருக்க இந்தியருக்கு இருந்த தடை 1835இல் நீங்கியபின் தமிழ் அச்சுத்தொழில் விரைந்து வளர்ந்தது. 1871இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த சென்னை நகர மக்கள்தொகை 1901இல் 5 இலட்சத்தைக் கடந்தது. ஆலைத் தொழிலாளர், வண்டியோட்டிகள், துறைமுகக் கூலிகள், வீட்டு வேலையாட்கள் எனப் பெருகிய உழைக்கும் மக்களுக்காகச் சில காசு விலையில் சிறு நூல்கள் அச்சாயின. குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் இவை குஜிலி நூல்கள் எனப்பட்டன. இவற்றை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) என்னும் தம் நூலின் வழியே இவ்விலக்கியத்துக்குரிய இடத்தை நமக்கு உணர்த்தினார். புகைவண்டி, புயல், கொலை வழக்கு என நகரில் பேசப்பட்டவை யாவும் சிந்தும் கும்மியுமாக வெளிவந்தன. தாது வருடப் பஞ்சமும் (1876–78) அவ்வாறே பாட்டாயிற்று. சிறுமணவூர் முனிசாமி முதலியார் போன்றோர் இவ்வகை நூல்களை எழுதிக் குவித்தனர். அவருடைய ‘நடராசப் பத்து’ இன்றும் பாடப்படுகிறது.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் பத்துக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவர் இல்லை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நகரங்களில் நிலைமை சற்று மேம்பட்டிருந்தாலும் ஏழைகளிடையே எழுத்தறிவு அரிதாகவே இருந்தது. அவ்வாறாயின் இத்தனை நூல்களை வாங்கியவர் யார் என்னும் வினா எழுகிறது. வாங்கியவர் ஒருவர், கேட்டவர் பலர் என்பதே பொருந்தும் விடை. நூல்களின் அமைப்பும் இதற்குச் சான்று தருகிறது. சிந்து, கும்மி, அம்மானை ஆகியவை காதுக்குரிய வடிவங்கள். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இடையில் வந்து சேர்ந்தவருக்கும் கதையைப் பிடித்துக்கொள்ள உதவுபவை. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் முதலிய பதிப்பகங்கள் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’ நூல்களின் அச்சளவும் கருதத்தக்கது. அல்லியரசாணி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை ஆகியவற்றைச் சிம்னி விளக்கொளியில் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அவ்வெழுத்து இடர் தராது. அந்நூல்களை அச்சேறிய குரல் எனலாம்.

கேள்வி என்னும் கல்வி

கூட்டு வாசிப்பை எழுத்தறியாமையின் விளைவாக மட்டும் காண்போர் தமிழ் மரபையே மறந்துவிடுகின்றனர். திருக்குறளில் கல்வி (40), கல்லாமை (41) ஆகிய அதிகாரங்களை அடுத்து வருவது கேள்வி (42). அதன் பின்னரே அறிவுடைமை (43) வருகிறது. கல்லாதவருக்கும் கேள்வி துணையாகும் என்பது வள்ளுவரின் துணிபு. அவர் கல்லாமையிலிருந்து அறிவுடைமைக்குச் செல்லும் வழியில் கேள்வியை வைத்தாரேயன்றி அதனைக் கல்லாமையின் மறுபெயராக்கவில்லை. நம் புராணங்களும் கதைப்பாடல்களும் கூறும் நூற்பயனும் இத்தகையதே. படித்தவர் பெறும் பயனைக் கேட்டவரும் பெறுவர் என்று அவை இருவரையும் ஒரே வரிசையில் வைக்கின்றன. வாசித்தல் என்னும் சொல்லே நூலுக்கும் நாகசுரத்துக்கும் பொதுவானது. இரண்டிலும் ஓசை வெளிப்பட வேண்டும். கேட்பவர் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரணைச் சுட்டுதல் தகும். உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றதை நாம் ‘பாடம் கேட்டார்’ என்றே கூறுகிறோம். ஒருவர் ஏட்டைப் படிக்க, ஆசிரியர் பொருள் சொல்ல, ஏனையோர் கேட்பதே அக்காலப் புலமைக் கல்வியின் வடிவம். அதே ஆண்டுகளில் சென்னையின் ஒரு சந்தில் வண்டியோட்டி ஒருவர் நல்லதங்காள் கதையைக் கேட்டிருந்தால் அவரை எழுத்தறியாதவர் என்கிறோம். புலவரின் கேட்டல் கல்வியாகிறது. ஏழையின் கேட்டல் குறையாகிறது. செயல் ஒன்றே, வேறுபடுவது கேட்பவரின் தகுதி பற்றிய நம் மதிப்பீடு. அம்மதிப்பீடே இலக்கிய வரலாற்றில் குஜிலி நூல்களுக்கு இடமில்லாமற் செய்தது.

தமிழில் நாவலின் வருகையோடு மௌன வாசிப்பு வளர்ந்ததை வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ (2002) நூலில் விளக்கியுள்ளார். அவ்வரலாற்றை நான் மறுக்கவில்லை. நடுத்தர வகுப்பினரிடையே மௌன வாசிப்பு பரவியது உண்மை. ஆனால் அதனை எல்லோரும் ஏறவேண்டிய ஏணியின் மேற்படியாகக் கொள்வது பிழை. 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த பின்னரும் குஜிலி நூல்களின் வாணிகம் அரை நூற்றாண்டுக்கு மேல் தளரவில்லை. 1942இல் தோன்றிய தினத்தந்தி தேநீர்க்கடைகளில் உரக்கப் படிக்கப்பட்டது. திராவிட இயக்கத்தார் முடிதிருத்தகங்களிலும் படிப்பகங்களிலும் இதழ்களைப் படித்துக் காட்டினர். 1990களின் அறிவொளி இயக்கத்திலும் கூடிப் படித்தலும் பாடுதலும் உயிர்நாடியாக இருந்தன. கூட்டு வாசிப்பு மறையவில்லை. நம் கணக்கிலிருந்துதான் மறைந்தது.

குரல் யாருடையது?

கூட்டு வாசிப்பைப் போற்றுவதில் ஓர் இடர் உண்டு. படிப்பவரிடம் அதிகாரம் சேர்கிறது. எதைப் படிப்பது, எதை விடுவது, எப்படிப் பொருள் சொல்வது என்பவை அவர் கையில் உள்ளன. யாழ்ப்பாணத்தின் புராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் சிறந்த மரபு உண்டு. ஆனால் கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட சாதியாருக்கு அக்குரல் எட்டும் எல்லை மதிலோடு முடிந்தது. தமிழகத்திலும் ஒடுக்கப்பட்டோர் பிறர் வாசிப்பதைக் கேட்க மட்டும் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியதற்குக் காரணம், படிக்கும் பொருளும் குரலும் தம்முடையனவாக இருக்கவேண்டும் என்பதே. தென்கோடியில் 1841இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானையைச் சாமித்தோப்பிலும் பிற பதிகளிலும் மக்கள் கூடியிருக்கப் படிக்கும் திருஏடு வாசிப்பும் அத்தகையதோர் உரிமையின் வெளிப்பாடே.

எனவே கேட்பவர் என்றும் கேட்பவராகவே இருத்தல் வேண்டும் என்பது என் கருத்தன்று. மலைவாழ் மக்களுக்குப் பள்ளி வேண்டா, பாட்டும் கதையும் போதும் என்னும் கனிவான அநீதிக்கு இவ்வாதம் துணைபோகக் கூடாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடாகவே இருந்தது. இவ்விடைவெளி பொறுக்கத்தக்கதன்று. ஒவ்வொரு குழந்தையும் தானே படிக்கவேண்டும். நான் கூறுவது வேறு: எஞ்சிய 46 விழுக்காட்டினரை நூலுலகுக்கு வெளியே நிற்பவர்களாகக் கருதுவது உண்மைக்குப் புறம்பானது. அவர்களுள் பலர் கேட்டலின் வழியே அச்சுலகுக்குள் ஏற்கெனவே இருக்கின்றனர். அவ்வழியை அகலமாக்குவது அவர்கள் பிள்ளைகளின் கல்விக்கும் வலிமை சேர்க்கும்.

மலையில் இன்று

ஜவ்வாது மலைக்குத் தமிழ் ஆய்வாளர்கள் செல்லாமல் இல்லை. செல்வோர் பாடல்களையும் பழமொழிகளையும் சடங்குகளையும் பதிவு செய்கின்றனர். அவை வேண்டிய பணிகளே. ஆயினும் மலையாளிப் பழங்குடியினரை வாய்மொழிக் களஞ்சியமாக மட்டுமே காணும் பார்வை அதில் உறைந்துள்ளது. இவ்வூரில் என்னென்ன அச்சுத்தாள்கள் உள்ளன, அவற்றை யார் படிக்கிறார், யார் கேட்கிறார் என்று கேட்ட கள ஆய்வு எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. மலையடிவாரத்துத் திருவண்ணாமலை, வேலூர் மாவட்ட ஊர்களில் திரௌபதி அம்மன் விழாக் காலத்தில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை கூத்தாகும். ஏட்டிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து குரலுக்கும் குரலிலிருந்து கூத்துக்கும் நூல் நகரும் நிலப்பகுதி இது. இங்கே வாய்மொழி, எழுத்துமொழி எனக் கோடு கிழித்து ஆய்வது பொருந்தாது.

இலக்கியத்துக்கு அப்பால் வாழ்க்கைத் தேவையும் உள்ளது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி நில உரிமை கோரும் விண்ணப்பம் கிராம சபையின் வழியே செல்லவேண்டும். வங்கிக் கடிதம், சாதிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை, பிழைப்புக்காக அயல் மாநிலம் சென்றவரைப் பற்றி வரும் அறிவிப்பு எனத் தாள்கள் மலைக்கு ஓயாமல் ஏறுகின்றன. அவற்றைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் உறைவிடப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை. அல்லது கூலி கேட்கும் இடைத்தரகர். பிள்ளை படித்தால் ஊர் கூடிக் கேட்கிறது. ஐயம் எழுந்தால் மீண்டும் படிக்கச் சொல்கிறது. தரகர் படித்தால் அவர் சொன்னதே பொருள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒருவரின் நிலம் நிலைப்பதற்கும் போவதற்கும் இடையிலுள்ள வேறுபாடாக ஆகிவிடக்கூடும். மேஹ்யூ கண்ட தெரு வணிகர் இடைமறித்து வினவியதைப் போன்று, கேட்பவர் வினவும் உரிமையுடையவராக இருந்தால்தான் கூட்டு வாசிப்பு அறமுடையதாகும்.

நூலகங்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்கின்றன. அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஊர்தோறும் நூல்களைக் கொண்டுசென்றது. 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் அம்முயற்சிகளுக்கு அரசின் துணையைத் தந்தது. எனினும் நம் நூலகச் சுவர்களில் காணப்படும் ‘அமைதி காக்கவும்’ என்னும் அறிவிப்பு, தனித்துப் படிக்கத் தெரிந்தவருக்கே கதவைத் திறக்கிறது. கேட்க வந்தவருக்கு அங்கே இருக்கை இல்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலையில் எழும் பல்வேறு ஓசைகளால் பெயர்பெற்றது. 583 அடிகளும், சென்றுவந்த ஒருவர் செல்லவிருப்போருக்கு வழி சொல்லும் குரலாக அமைந்தவை. ஓசையால் இலக்கியம் சமைத்த நிலத்தில் ஓசையற்ற நூலகத்தை மட்டும் எழுப்புவது பொருத்தமாகாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, எழுத்தறிவு, வாசிப்புப் பழக்கம் பற்றிய கள ஆய்வுப் படிவங்களில் ‘பிறர் படிக்கக் கேட்கிறீரா? எதை, எங்கே, யார் படிக்க?’ என்னும் வினாக்கள் இடம்பெற வேண்டும். கேட்டவற்றுள் நினைவில் நிற்பது எது என்பதையும் வினவலாம். ஓரக்குறிப்பாக நின்றுபோனதை அட்டவணைக்குள் கொண்டுவருவது எளிய மாற்றமே.

இரண்டாவதாக, மலைப்பகுதிகளின் ஊர்ப்புற நூலகங்களில் வாரம் ஓர் அந்திப்பொழுது உரத்த வாசிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். வேலை முடிந்து மக்கள் திரும்பும் நேரமாக அது இருத்தல் நன்று. படிக்கும் நூலைக் கேட்போரே தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே படிப்பவராக அமைந்தால், தாம் கற்பது ஊருக்குப் பயன்படுவதை அவர்கள் கண்ணாரக் காண்பர்.

மூன்றாவதாக, கிராம சபையில் வன உரிமை தொடர்பான விண்ணப்பங்களும் தீர்மானங்களும் முழுமையாகப் படித்துக் காட்டப்பட்டு, கேட்டோரின் வினாக்களும் விடைகளும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். ஒப்பமோ கைநாட்டோ அதன் பின்னரே பெறப்படுதல் வேண்டும்.

நான்காவதாக, தமிழ்த்துறைகளின் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் குஜிலி நூல்களுக்கு ஓர் அலகேனும் ஒதுக்கப்பட வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலியவற்றில் பாதுகாக்கப்பட்டுள்ள அந்நூல்களை மாணவர்கள் மௌனமாகப் படித்துக் குறிப்பெடுத்தால் மட்டும் போதாது. வகுப்பறையில் உரக்கப் படித்துக் கேட்க வேண்டும். செவியில் விழுந்தால் அன்றி அவற்றின் அமைப்பு விளங்காது.

நிறைவுரை

விக்டோரியா காலத்து இலண்டன் தெரு வணிகரும் சென்னைக் குஜிலி நூல்களைக் கேட்டவரும் தம் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒருவர் படிக்கக் கேட்டனர், கேட்டதைப் பேசினர், மறுநாள் வேலைக்குச் சென்றனர். நூல்கள் எஞ்சின, கேட்டவர் வரலாற்றில் எஞ்சவில்லை. அவர்களைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்பட்ட வாசிப்பு வரலாறு பாதி வரலாறே. அப்பிழையை இனித் திருத்துவது கடினம். சான்றுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஜவ்வாது மலையின் நிலை வேறு. படிக்கும் பேத்தியும் கேட்கும் பாட்டியும் இன்று நம் கண்முன் இருக்கின்றனர். அடுத்த படிவத்தில் அம்மூதாட்டியின் பெயருக்கு நேரே என்ன எழுதப்போகிறோம் என்பதை இப்போதே நாம் முடிவு செய்யலாம்.